பசியாறியாச்சா

விடிகாலை மூன்று பத்து.
பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி, நான்காம் கட்டில்.
புஷ்பநாதன், வயது முப்பத்து நான்கு.
பட்டர்வொர்த் துறைமுகத்துக்கும் கிள்ளானுக்கும்
கொள்கலன் இழுக்கும் லோரி.
நான்கு நாளாய்க் கண் மூடவில்லையாம்.
நாடி நூற்று அறுபத்தெட்டு.
படுத்துக் கிடப்பவனுக்குள்
யாரோ கொம்தார் படிக்கட்டில்
ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்,
மாடி தீரவில்லை.

நெற்றி, மலை ஏறி நிறுத்திய எஞ்சின் மூடி.
கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று அரைக்கின்றன,
நடுவில் அரிசி இல்லை.
கருமணி இரண்டும் ஹைபீம் போட்ட லோரி:
எதிரே வருகிறவனுக்காகத் தாழ்த்தத் தெரியவில்லை.

"மிஸ்ஸி, தோலுக்கடியில எறும்பு."
இல்லை, அண்ணே.
"இருக்கு. இந்தா, முழங்கையைத் தாண்டுது."
அவன் நகம் போன வழியில்தான்
எறும்பு போயிருக்கிறது,
சிவப்பாய், வரிசையாய்.

கடைசியாய் எப்போது பசியாறினீர்கள் என்று கேட்டேன்.
காலையில் இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்பதுதான்.
வேற்றுமொழி கேட்டவன்போல் விழித்தான்.

சந்தோஷத்தைச் சொட்டுச் சொட்டாய் அளந்து விடும்
ஓர் இடம் மூளையில் உண்டு.
சம்பளம் வந்தால் ஒரு சொட்டு.
மகள் வாசலுக்கு ஓடி வந்தால் இரண்டு.
விட்டதைத் துடைத்தெடுத்து
மறுபடி குடத்தில் ஊற்றவும் ஆள் உண்டு.
மாத்திரை குடத்தை உடைத்தது,
துடைக்கிறவன் கையையும் கட்டியது.
வெள்ளம் பார்த்த வீடுகள் என்ன செய்யும்?
சன்னல்களைச் சாத்திக்கொள்ளும்.
வெள்ளம் வடிந்த பிறகும்
வெகுநாள் திறக்காது.

அது பலம் தரவில்லை, அண்ணே.
அது ஆலோங்.
உங்கள் அடுத்த வாரத்தை எடுத்து
உங்களுக்கே கடன் கொடுத்தது.
இப்போது வாசலில்
சிவப்புச் சாயத்தோடு நிற்கிறது.

(நானும் மூன்றாவது பாக்கெட் காப்பியில் நிற்கிறவள்தான்.
என் வட்டி குறைவு, அவ்வளவே.)

ஒன்பதாம் கட்டிலிலிருந்து கூச்சல்.
வெய் ஜியான், கல்லூரி மாணவன்,
நாக்கில் தபால்தலை அளவு தாள்.
காற்றாடி பச்சையாய்ப் பாடுகிறதாம்.
சுவர் மூச்சு விடுகிறதாம், தன்னைவிட நிதானமாக.
நம் எல்லோருக்கும் உள்ளே ஒரு காவல்காரன் உண்டு;
பத்து வந்தால் ஒன்பதைத் திருப்பி அனுப்புவான்.
இன்றிரவு அவன் தூங்கிவிட்டான்.
உலகம் முழுதும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால்
அழகும் பயமும் ஒரே சட்டையைப் போட்டுக்கொள்கின்றன.
என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:
உன் கை எங்கே முடிகிறது, என் கை எங்கே தொடங்குகிறது?
"கையுறை முடிகிற இடத்தில், தம்பி" என்றேன்.
சிரித்தான். பிறகு வெகுநேரம் அழுதான்.
விளக்கைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
அதற்கு வேறு மருந்து எழுத வேண்டியிருக்கவில்லை.

புஷ்பநாதனுக்கு ஊசி, குளிர்ந்த சேலைன், ஈரத்துணி.
இதயம் ஒவ்வொரு படியாய் இறங்கி வந்தது.
முப்பத்தோரு மணி நேரம் தூங்கினான்,
தூங்கினான் என்றா சொல்வது,
கிணற்றில் விழுந்த கல்.

எழுந்ததும் கைப்பேசியில் படத்தைக் காட்டினான்.
பள்ளிச் சீருடை, முன்பல் இரண்டு இல்லை.
"இது ஹர்வினா. என் மக.
தெரியுது, மிஸ்ஸி. எல்லாம் தெரியுது.
ஆனா உள்ளே ஒன்னுமே வரலையே."

வரும், என்றேன். மாதக் கணக்காகும்.
பொய்யில்லை அது.
எல்லோருக்கும் முழுதாய் வருவதில்லை என்பதை
அன்று காலை சொல்லவில்லை.

தள்ளுவண்டி வந்தது. ரொட்டி, ஒரு குவளை தேத்தண்ணி.
பிய்த்து நனைத்து மென்றான்.
"தாள் மாதிரி இருக்கு" என்றான்.
ஆனாலும் அடுத்த துண்டை எடுத்தான்.

தலையணையோரம் கைப்பேசி அதிர்ந்தது.
கம்பெனி. பதினேழாவது அழைப்பு.
இன்னொரு கொள்கலன் காத்திருக்கிறதாம்.
நான் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.
அது மேசையில்
எறும்பைப் போல
ஊர்ந்துகொண்டே இருந்தது.